பீங்கான் ஓடும் அடுக்கு முறையும்

சொற்களெல்லாம் அகராதியில் இருக்கின்றன. அவற்றையே எடுத்து ஒருவர் கவிதை ஆக்குகின்றார். மற்றொருவர் கடன் பத்திரம் எழுதுகின்றார். சொற்கள் பொது, அடுக்கிய முறையே வேறு. வீட்டுச் சுவரில் பதிக்கும் பீங்கான் ஓட்டுக்கும் இவ்வுண்மை பொருந்தும். கடைவீதியில் ‘டைல்ஸ்’ என்று கேட்டு வாங்குகின்றோமே, அந்த ஓடுகள் எல்லா வீட்டுக்கும் ஒரே வகையாகத்தான் வந்து சேர்கின்றன. ஆயினும் ஒரு சுவர் பார்க்கப் பார்க்க இனிக்கின்றது. மற்றொரு சுவர், விலையுயர்ந்த ஓடு பதித்திருந்தும், ஏனோ கண்ணை உறுத்துகின்றது. அந்த ‘ஏனோ’ என்பதற்கு விடை சொல்ல முடியும். அதைச் சொல்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

காரைக்குடிப் பக்கத்துப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்குக் கற்பித்தவன் நான். வடிவியல் சொல்லிக் கொடுக்க எங்கள் ஊர்ச் சுவர்களையும் தரைகளையும்விடச் சிறந்த கரும்பலகை எனக்குக் கிடைத்ததில்லை. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் முதலிய ஊர்களில் நகரத்தார் கட்டிய பெரிய வீடுகளை மாணவர்களாகிய நீங்கள் பார்த்திருப்பீர்கள்; பார்க்காதவர்கள் படத்திலேனும் கண்டிருப்பீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி ஏறத்தாழ நூறாண்டுக் காலம் இவ்வீடுகள் எழுந்தன. பர்மா, இலங்கை, மலேயா ஆகிய நாடுகளில் ஈட்டிய செல்வம் இங்கே தேக்காகவும் பளிங்காகவும் கண்ணாடியாகவும் வந்து இறங்கியது. அவற்றோடு வந்ததுதான் பீங்கான் ஓடு.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஆத்தங்குடிப் பூக்கல் வேறு. பீங்கான் ஓடு வேறு. பூக்கல் சூளை காணாதது. கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, அச்சின் அறைகளில் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, பின்பு நீரில் ஊறவைத்து எடுப்பது அது. கண்ணாடியின் வழவழப்பே கல்லின் முகத்துக்கு வருகின்றது. பெரும்பாலும் தரைக்கு உரியது. பீங்கான் ஓடோ களிமண்ணால் ஆகி, மெருகு பூசி, சூளையில் வெந்தது, சுவருக்கு உரியது. 1840இல் இங்கிலாந்தில் ரிச்சர்டு பிராசர் என்பவர், ஈரமற்ற களிமண் பொடியை அச்சில் இட்டு அழுத்திப் பொருள் செய்யும் முறைக்கு உரிமம் பெற்றார். ஸ்டோக் நகரத்து ஹெர்பர்ட் மின்டன் அம்முறையைக் கைக்கொண்டு ஓடு செய்தார். ஈரம் குறைவாக இருந்ததனால் ஓடு கோணவில்லை. ஒன்றைப் போல் மற்றொன்று அமைந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் ஐரோப்பியச் சரக்கு குறையவே, ஜப்பானியர் அதே வகை ஓடுகளை ஆசிய நாடுகளுக்கு ஏற்றுமதி செய்யத் தலைப்பட்டனர். நம் நாட்டுக்கென்றே தெய்வ உருவங்கள் பொறித்த ஓடுகளும் அங்கே ஆயின. ஆங்கில ஓடாயினும் ஜப்பானிய ஓடாயினும் பெரும்பாலும் அளவு ஒன்றே: பக்கத்துக்கு ஆறு அங்குலம். இந்த ஆறு அங்குலத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செட்டிநாட்டுச் சுவர் சுண்ணாம்புப் பூச்சினால் மின்னுவது. முட்டையின் வெண்கரு சேர்த்து மெருகேற்றிய அந்தப் பூச்சே போதாதா, ஓடு எதற்கு? சுவரின் கீழ்ப்பகுதியைக் கவனியுங்கள். மனிதர் சாய்ந்து அமரும் இடம் அது; எண்ணெய் தேய்த்த தலை படுவதும், குழந்தையின் கை படுவதும், கழுவிய நீர் தெறிப்பதும் அங்கேதான். ஆகவே நான்கடி உயரம் வரை ஓடு பதித்து, அதற்கு மேல் பூச்சை விட்டார்கள். இன்று நாம் அடுக்களையிலும் குளியலறையிலும் ஓடு பதிப்பதும் இதே காரணத்தால்தான்.

இனி அடுக்கு முறைக்கு வருவோம். முறையைத் தேர்பவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் நான்கு. ஓடு எத்தகையது? சுவர் எவ்வளவு? வெளிச்சம் எங்கிருந்து வருகின்றது? எத்தனை ஓட்டை வெட்ட நேரும்? பலரும் இவற்றைக் கேளாமல், கடையில் தொங்கும் படத்தைக் காட்டி, “இதைப் போலச் செய்துவிடுங்கள்” என்று கொத்தனாரிடம் சொல்லிவிடுகின்றனர். படத்திலுள்ள சுவர் வேறு, நம் சுவர் வேறு என்பதை மறந்துவிடுகின்றனர்.

முதற் கேள்வி ஓட்டைப் பற்றியது. பூவேலை கொண்ட ஓடுகளில் இரு சாதி உண்டு. ஒன்று தனி ஓடு: நடுவில் ஒரு முழு மலர், எப்படித் திருப்பினாலும் அதே தோற்றம். மற்றொன்று கூட்டு ஓடு: அதன் ஒரு மூலையில் கால் மலர் மட்டுமே இருக்கும். நான்கு ஓடுகள் அந்த மூலைகள் கூடும்படி சேர்ந்தால்தான் மலர் முழுமை பெறும். வகுப்பில் மாணவர்களுக்கு நான் சதுர அட்டைகள் கொடுத்து, ஒரு மூலையில் கால் வட்டம் வரையச் சொல்வதுண்டு. ஓர் அட்டையை நான்கு விதமாகத் திருப்பி வைக்கலாம். நான்கு அட்டைகளை இரண்டு வரிசையாக வைத்தால் நான்கை நான்கு முறை பெருக்க வேண்டும். 256 விதங்கள் கிடைக்கும். அவற்றுள் நடுவில் முழு வட்டம் தருவது ஒன்றே ஒன்று. எஞ்சிய 255 விதங்களிலும் வட்டம் சிதறிக் கிடக்கும். சிதறியவை எல்லாம் அழகற்றவை என்று எண்ண வேண்டா. பாம்பு நெளிவதுபோல் ஓடுபவையும், அலை அலையாக வருபவையும் அவற்றுள் உண்டு. மூலைவிட்டத்தால் இரு நிறமாகப் பிரிந்த சதுர ஓட்டைத் திருப்பித் திருப்பி வைத்து எத்தனை கோலம் ஆக்கலாம் என்று பிரான்சு நாட்டுச் செபாஸ்தியன் துருஷே 1704இல் ஒரு கட்டுரையே எழுதினார். எந்த விதமாயினும் தெரிந்தே தேர்ந்து, சுவர் முழுவதும் தவறாமல் கடைப்பிடிக்க வேண்டும். தனி ஓட்டை எவரும் பதிக்கலாம். கூட்டு ஓட்டைப் பதிக்கக் கணக்கறிந்த கை வேண்டும்.

அடுக்கு முறைகளின் பெயர்களைப் பார்ப்போம். நம் வீட்டுப் பெண்களுக்கு இவை புதியன அல்ல. கோலத்தில் நேர்ப்புள்ளி உண்டு, ஊடுபுள்ளி உண்டு அல்லவா? புள்ளிக்கு நேர் கீழே புள்ளி வருவது நேர்ப்புள்ளி. இரண்டு புள்ளிக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளி இறங்குவது ஊடுபுள்ளி. ஓட்டின் மேல் ஓட்டை நேராக நிறுத்துவது நேரடுக்கு; அது நேர்ப்புள்ளியின் உடன்பிறப்பு. கீழ் வரிசையின் இணைப்புக்கு மேல் அடுத்த ஓட்டின் நடுப்பகுதி வருவது செங்கல் அடுக்கு, அது ஊடுபுள்ளி. சதுரத்தைச் சாய்த்து முனையில் நிறுத்துவது சாய்வடுக்கு. நீள ஓடுகளை இரண்டிரண்டாக, ஒரு சோடி படுக்கையாகவும் அடுத்த சோடி நிலையாகவும் வைப்பது பாய்ப் பின்னல். எங்கள் பக்கத்தில் பனையோலைக் கொட்டான் பின்னுபவர்களைக் கேட்டால் அதன் இலக்கணம் முழுவதையும் கூறுவார்கள். நீள ஓடுகளை மீனின் முள்போல் ஒன்றுக்கொன்று செங்கோணமாகக் கோத்துச் செல்வது மீன்முள் அடுக்கு.

இவற்றுள் எது எதற்குப் பொருந்தும்? கூட்டு ஓட்டுக்கு நேரடுக்கே உரியது. செங்கல் அடுக்கில் அரை ஓடு நகர்ந்துவிடுவதால் நான்கு மூலைகள் ஓரிடத்தில் கூடுவதே இல்லை, மலர் பிளந்துவிடும். நிறம் மட்டும் உடைய நீள ஓட்டுக்குச் செங்கல் அடுக்கு நன்கு பொருந்தும். 1904இல் திறக்கப்பட்ட நியூயார்க் நிலத்தடி இரயில் நிலையங்களின் சுவர்களில் மூன்று அங்குல அகலமும் ஆறு அங்குல நீளமும் உள்ள வெள்ளை ஓடுகளை இவ்வாறு அடுக்கினர். ஓட்டின் நீளத்தில் சிறிது ஏறுக்குமாறு இருப்பினும், செங்குத்துக் கோடு தொடர்ந்து ஓடாமையால் குறை தெரிவதில்லை. ஆனால் இக்காலத்தில் வரும் இரண்டடி நீள ஓட்டுக்கு ஓர் எச்சரிக்கை. சூளையில் வேகும்போது அத்தகைய நீள ஓடு நடுவில் இம்மியளவு வளைந்திருக்கக்கூடும். பாதிக்குப் பாதி நகர்த்தினால் ஒன்றின் மேடான நடுவும் மற்றொன்றின் தாழ்ந்த முனையும் அருகருகே வந்து படிபோல் நிற்கும். ஆகையால் அவற்றை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நகர்த்தலாகாது.

இடையே ஒரு வினா எழலாம். ஓடு ஏன் பெரும்பாலும் சதுரமாகவோ நீள்சதுரமாகவோ இருக்கின்றது? ஐங்கோண ஓடு ஏன் இல்லை? ஒரு புள்ளியைச் சுற்றியுள்ள கோணம் 360 பாகை. சதுரத்தின் கோணம் 90. நான்கு சேர்ந்தால் 360. சமபக்க முக்கோணத்துக்கு 60. ஆறு சேர வேண்டும். ஒழுங்கான அறுகோணத்துக்கு 120, மூன்று போதும். ஒழுங்கான ஐங்கோணத்துக்கோ 108; மூன்று வைத்தால் 324, நான்கு வைத்தால் 432. மூன்றுக்கு இடைவெளி விழுகின்றது. நான்குக்கு இடம் இல்லை. ஒரே வகை ஒழுங்குருவங்களால் இடைவெளியின்றி ஒரு பரப்பை மூட முடிவது இம்மூன்றினால் மட்டுமே. அவற்றுள் சதுரமே சுவரின் நேரான ஓரத்தோடு ஒத்துப்போகும். மேலும், ஒரு பரப்பில் இரு திசைகளிலும் மீண்டும் மீண்டும் வரும் கோலங்கள் எத்தனை ஆயிரம் இருந்தாலும், அவற்றின் சமச்சீர் வகை 17 தான் என்பதை உருசிய அறிஞர் ஃபெதோரவ் 1891இல் நிறுவினார். கோலம் போடும் கையும் ஓடு பதிக்கும் கையும் அந்தப் பதினேழுக்குள்ளேயே இயங்குகின்றன.

இரண்டாம் கேள்வி சுவரின் அளவு. இங்குதான் பெரும்பாலான சுவர்கள் கெடுகின்றன. ஒரு சுவரின் அகலம் 10 அடி 3 அங்குலம் என்று கொள்வோம். அதாவது 123 அங்குலம். ஆறு அங்குல ஓடு. கணக்கு எளிதாக இருக்கும்பொருட்டு இணைப்பின் இடைவெளியை இப்போதைக்கு விட்டுவிடுவோம். ஒரு முனையில் தொடங்கி அடுக்கிக்கொண்டே போனால் 20 ஓடுகள் 120 அங்குலத்தை மூடும். மறுமுனையில் மூன்று அங்குலத் துண்டு ஒன்று நிற்கும். ஒரு பக்கம் முழு ஓடு, மறுபக்கம் அரை ஓடு. சுவர் ஒருக்களித்துப் படுத்ததுபோல் தோன்றும். சரி, நடுவிலிருந்து தொடங்குவோம். சுவரின் நடுக்கோட்டில் இரண்டு ஓடுகளின் இணைப்பை வைத்தால் இருபுறமும் பத்துப் பத்து ஓடுகள். முனைகளில் ஒன்றரை அங்குலக் கீற்றுகள். அத்தகைய கீற்றை வெட்டுவதும் கடினம். வெட்டினாலும் பார்வைக்கு நன்றாயிராது. இப்போது நடுக்கோட்டில் ஓர் ஓட்டின் நடுப்பகுதியை வையுங்கள். அந்த ஓட்டுக்கு இருபுறமும் ஒன்பது ஒன்பது. ஆக 19 முழு ஓடுகள், 114 அங்குலம். மீதி ஒன்பது அங்குலம்; இரு முனைகளிலும் நாலரை அங்குலத் துண்டுகள். அரை ஓட்டுக்குக் குறைந்த துண்டு எங்கும் இல்லை, இருபுறமும் ஒத்திருக்கின்றது. மூன்று அங்குலமே மீந்தது. அதை எங்கே வைப்பது என்பதில்தான் சுவரின் அழகு அடங்கியிருந்தது.

இந்தத் தீர்வு தனி ஓட்டுக்கு உரியது. அதே சுவரில் கால் மலர்க் கூட்டு ஓட்டைப் பதிப்பதானால் என் விடை மாறிவிடும். அங்கே அலகு ஆறு அங்குலம் அன்று. இரண்டு ஓடு சேர்ந்த பன்னிரண்டு அங்குலம். 19 என்ற ஒற்றைப்படை எண் வந்தால் ஏதேனும் ஒரு முனையில் மலர் பாதியாக நிற்கும். ஆகவே இருபது ஓடுகளால் பத்து முழு மலர்களை ஆக்கி, இரு முனைகளிலும் எஞ்சும் ஒன்றரை அங்குலத்தை ஒரே நிறமுள்ள கரைத் துண்டாலோ பூச்சாலோ நிரப்ப வேண்டும். முன்பு குறையாகத் தோன்றிய அதே கீற்று இப்போது சட்டமாக நின்று மலர்களுக்கு அழகு சேர்க்கின்றது. சுவர் ஒன்றே, அளவு ஒன்றே, ஓட்டின் இயல்பு மாறியவுடன் முறையும் மாறியது. எல்லாச் சுவருக்கும் பொருந்தும் நல்ல முறை என்று ஒன்று இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

இணைப்பின் இடைவெளியை மறந்துவிடலாகாது. சூளையில் வெந்த ஓடு சுருங்கும்; எல்லாம் மயிரிழை பிசகாமல் ஒரே அளவாக வருவதில்லை. அந்த வேறுபாட்டை விழுங்கவே இடைவெளி விடுகின்றோம். இருபது ஓடுகளுக்கு நடுவே 19 இணைப்புகள். ஒவ்வொன்றும் அரைக்கால் அங்குலம் என்றால் இரண்டரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக, 2⅜ அங்குலம் ஆகிவிடும். இதைச் சேர்க்காமல் கணக்கிட்டவரின் கடைசி ஓடு சுவருக்கு வெளியே நிற்கும்.

மூன்றாம் கேள்வி வெளிச்சம். மேலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ சுவரை உரசிக்கொண்டு வரும் ஒளியில், ஓர் ஓடு மற்றதைவிடத் துளி முன்னே நின்றாலும் அதன் நிழல் காட்டிக்கொடுக்கும். நடுமுற்றத்தைச் சுற்றிய வளவுப் பத்திச் சுவர்களில் இப்படித்தான் மேலிருந்து ஒளி இறங்குகின்றது. மேடும் பள்ளமுமாக அச்சில் வார்த்த பூ ஓடுகள் அந்த ஒளியில் உயிர் பெறுகின்றன. வழவழப்பான ஓடுகளிலோ பதித்தவரின் பிழைகள் உயிர் பெறுகின்றன. சுவர் தூக்குக்குண்டுக்கு ஒத்துவராமல் சாய்ந்திருந்தால் நேரடுக்கின் நெடுங்கோடு அதை உரக்கச் சொல்லும். சாய்வடுக்கு அவ்வளவு உரக்கச் சொல்லாது.

ஆனால் சாய்வடுக்குக்கு விலை உண்டு. அதுவே நான்காம் கேள்வி. பத்தடி அகலமும் நான்கடி உயரமும் உள்ள சுவருக்குச் சதுர அடிக்கு நான்காக 160 ஓடுகள். நேரடுக்கில் இருபதும் எட்டுமாக எல்லாம் முழு ஓடுகளே. சாய்த்து வைத்தால் ஓட்டின் மூலைவிட்டம் ஏறத்தாழ எட்டரை அங்குலம். நான்கு ஓரங்களிலும் குறைந்தது நாற்பது அளவில் துண்டுகள் வெட்ட நேரும். வெட்டும்போது உடைவன தனி. நேரடுக்குக்கு நூற்றுக்குப் பத்து மிகையாக வாங்குபவர் சாய்வடுக்குக்குப் பதினைந்தாவது வாங்க வேண்டும். சிறிய வீடு கட்டுபவருக்கு இது சிறிய செலவன்று. எளிய முறையை ஒழுங்காகச் செய்த சுவர், அரிய முறையை அரைகுறையாகச் செய்த சுவரைவிட மேலானது.

கரையைப் பற்றியும் ஒரு சொல். காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையைப் பாருங்கள்: உடலில் கட்டம், ஓரத்தில் அகன்ற கரை. ஓட்டுச் சுவருக்கும் அடியில் ஒரு நிற வரிசை, நடுவில் உடல், மேலே கரை என்று அமைத்தால் பார்வை ஓரிடத்தில் நின்று இளைப்பாறும். தெய்வ உருவமோ பறவையோ பொறித்த தனி ஓட்டுக்குத் தலைகீழ் உண்டு. அதைத் திருப்ப முடியாது. தெய்வ உருவத்தைக் கால்படும் வரிசையில் வைக்கவும் நம் மனம் ஒப்பாது. கண்ணுக்கு நேரான வரிசையே அதற்கு இடம்.

வேலை தொடங்குமுன் ஓடுகளைச் சாந்தின்றித் தரையில் அடுக்கிப் பார்க்க வேண்டும். வெவ்வேறு பெட்டிகளின் ஓடுகளைக் கலந்துகொண்டால் நிறவேறுபாடு ஓரிடத்தில் திரண்டு நிற்காது. ஒரு நேரான கோலில் ஓட்டின் அளவையும் இணைப்பின் அளவையும் மாறி மாறிக் குறித்துச் சுவரில் நிறுத்தினால், எங்கே துண்டு விழும் என்பது ஓடு ஏறுமுன்பே தெரிந்துவிடும். தரையை நம்பி அடி வரிசையைத் தொடங்கலாகாது. தரை மட்டமாக இருப்பது அரிது. இரசமட்டம் பார்த்து ஒரு சட்டத்தை அறைந்து, அதன்மேல் இரண்டாம் வரிசையைத் தொடங்கி, அடி வரிசையைக் கடைசியில் வெட்டிப் பொருத்துவதே கைதேர்ந்த கொத்தனாரின் வழக்கம். எழுத்து ஆனால் அழித்து எழுதலாம். சாந்தில் பதிந்த ஓட்டைப் பெயர்த்தால் ஓடே உடையும். ஆதலால் எண்ணுவதெல்லாம் முன்னரே எண்ணிவிட வேண்டும்.

மாணவர்களே, இதையெல்லாம் உங்களிடம் நான் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போரும், பின்னர் பர்மாவில் நேர்ந்த மாற்றங்களும் செட்டிநாட்டின் செல்வ வாய்க்கால்களை அடைத்தன. பெரிய வீடுகள் பல பங்காளிகளுக்குப் பொதுவாகிப் பேணுவாரின்றி நிற்கின்றன. சில விடுதிகளாக மாறிப் பிழைத்துள்ளன, பல இடிக்கப்பட்டன. 2014இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. அதனால் மட்டும் இடிப்பது நின்றுவிடவில்லை. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. கதவும் தூணும் பாத்திரமும் போலவே ஓடும் அங்கே விலைக்கு வருகின்றது, தனித்தனியாக விற்கப்படுகின்றது. கால் மலர் ஓடு ஒன்றை வாங்கிச் செல்பவர் ஓட்டை வாங்கினாரே தவிர மலரை வாங்கவில்லை. எந்த ஓடு எதன் பக்கத்தில், எந்த முகமாக, எந்தக் கரையோடு நின்றது என்ற செய்தி அந்தச் சுவரோடு போய்விட்டது. ஓட்டுக்கு விலை உண்டு. அடுக்கு முறையைக் கேட்பாரும் இல்லை, காப்பாரும் இல்லை.

அதை நீங்கள் காக்கலாம். பொருட்செலவு ஏதுமில்லை. ஒரு கட்டக் குறிப்பேடும் அளவு நாடாவும் வண்ணப் பென்சிலும் போதும். வீட்டாரிடம் அனுமதி கேளுங்கள். ஒரு கட்டம் ஓர் ஓடு என்று கொண்டு சுவரை வரையுங்கள். ஓட்டின் அளவு, வரிசைகளின் எண்ணிக்கை, மலர் கூடும் மூலை, கரையின் அகலம், முனையில் வெட்டிய துண்டின் அளவு ஆகியவற்றைக் குறியுங்கள். பெயர்ந்து கிடக்கும் ஓடு இருந்தால் அதன் முதுகில் உள்ள முத்திரையையும் பார்த்து எழுதுங்கள். செய்த நாடும் நிறுவனமும் அதில் தெரியலாம். வீட்டின் ஊர், வரைந்த நாள், உங்கள் பெயர் மூன்றையும் அடியில் இடுங்கள். நாளை அச்சுவரைச் செப்பனிட வரும் கொத்தனாருக்கு அந்த ஒரு தாள் போதும். உங்கள் ஊர் செட்டிநாட்டில் இல்லை எனினும், உங்கள் வீட்டு அடுக்களைச் சுவரிலேயே தொடங்கலாம். 123 அங்குலக் கணக்கு அங்கும் செல்லும்.